உயிரைக் காப்பாற்றி வாசலில் விட்டுவிடலாமா?

பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் போதையால் மயங்கி வருபவருக்கு அவசரப் பிரிவிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும்

மூச்சு நிமிடத்துக்கு நாலைந்து தடவைதான் வருகிறது. உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கின்றன. கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. தட்டினாலும் கிள்ளினாலும் அசைவில்லை. இந்த நிலையில் ஒருவரை முச்சக்கரவண்டியில் கொண்டுவந்து இறக்கினால், அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது அபின் வகைப் பொருளை. அது ஹெரோயினாக இருக்கலாம். ட்ரமடோல் போன்ற வலி மாத்திரையாகவும் இருக்கலாம்.

மூச்சுப் பையை அழுத்தி ஒட்சிசன் கொடுத்து, நலொக்சோன் என்ற மருந்தை நாளத்திலோ தசையிலோ ஏற்றினால், சில நிமிடங்களில் அவர் தானாக மூச்சு விடத் தொடங்குவார். கண் விழிப்பார். இவ்வளவு வேகமாகப் பலன் தெரியும் சிகிச்சைகள் மருத்துவத்தில் மிகச் சில.

விழித்த பிறகு என்ன நடக்கிறது? உடம்பு நடுங்குகிறது, வாந்தி வருகிறது. பக்கத்தில் அம்மா அழுதுகொண்டு நிற்கிறார். வைத்தியசாலைப் பொலிஸ் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. கொஞ்சம் நிற்க முடிந்ததும், சொந்த விருப்பத்தில் போவதாகக் கையெழுத்து வைத்துவிட்டு இறங்கிப் போகிறார். பெரும்பாலும் யாரும் மறிப்பதில்லை.

அப்படிப் போனவர்களின் கதி என்ன என்பதை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கணக்கெடுத்தார்கள். அபின் வகைப் பொருளை அளவுக்கு மீறி எடுத்து, அவசரப் பிரிவில் உயிர் பிழைத்த 11,557 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஓராண்டுக்குள் 635 பேர் இறந்திருந்தார்கள். அந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று முதல் மாதத்திலேயே நிகழ்ந்தது. மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவரை மருந்தும் கொடுக்காமல், கிளினிக் திகதியும் கொடுக்காமல் எந்த வைத்தியசாலையும் வீட்டுக்கு அனுப்பாது. போதையால் மூச்சு நின்று பிழைத்தவரை மட்டும் அப்படி அனுப்புவது வழக்கமாகிவிட்டது.

மலையேறி வந்த தூள்

அபின் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் உரிமம் பெற்ற கடைகளிலேயே அது விற்கப்பட்டது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஹெரோயின் வந்தது 1980களின் தொடக்கத்தில். 1984இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இரண்டு கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றானது. அதே ஆண்டில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2019இல் அந்தச் சபையின் தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 92 ஆயிரம் பேர் ஹெரோயின் பாவிப்பதாக மதிப்பிட்டது. தண்டனை கூடியும் தூள் குறையவில்லை.

தோட்டங்களில் பழைய எதிரி சாராயமும் கசிப்பும்தான். இன்றும் மலையகக் குடும்பங்களை அதிகம் அழிப்பவை அவையே. ஆனால் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருக்கும் தோட்டத்து இளைஞர்கள், மற்ற இளைஞர்களைப் போலவே, குடுவும் (ஹெரோயின்) ஐஸும் (மெதம்பெட்டமைன்) போதை மாத்திரைகளும் கைக்கெட்டும் தூரத்தில் வாழ்கிறார்கள். பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை என எல்லா நகரங்களும் கொழும்போடு பஸ்ஸாலோ ரயிலாலோ இணைந்தவை. தோட்டத்துப் பிள்ளைகள் என்றாலே போதை என்று பேசும் வாய்களுக்கு இந்தக் கட்டுரை துணைபோகாது. பழக்கத்தில் விழுந்த சிலருக்கும் ஊவாவில் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படுவது.

இலங்கையில் ஹெரோயின் பாவிப்பவர்களில் பெரும்பாலோர் ஊசியில் ஏற்றுவதில்லை; தாளில் சூடாக்கிப் புகையை இழுக்கிறார்கள். அதனால் மேலை நாடுகளைப் போல ஊசியோடு இறந்து கிடப்பவர்களை இங்கே அதிகம் காண முடியாது. ஆனால் புகைக்கு மேல் மாத்திரையும், மாத்திரைக்கு மேல் கசிப்பும் சேரும்போது நிலைமை மாறுகிறது. நரம்பு வலிக்கான பிரேகபலின் அபின் வகையைச் சேர்ந்ததல்ல. இருந்தாலும் ஹெரோயினோடு சேர்ந்தால் மூச்சை மேலும் அடக்குகிறது. ட்ரமடோல் அளவு மீறினால் வலிப்பும் வரும். ஆகவே இங்குள்ள அவசரப் பிரிவுக்கு இந்த நோய் பல முகங்களில் வருகிறது. ஒருவர் வலிப்போடு வருவார். ஒருவர் விழுந்து கால் முறிந்து வந்து, வார்டில் மறுநாள் வயிற்றுப்போக்கும் மூக்கொழுகலும் மயிர்க்கூச்செறிதலுமாகத் துடிப்பார். தேடாதவர் கண்ணில் இது படாது.

மூச்சு எப்படி நிற்கிறது

மூளையின் அடித்தண்டில், நாம் நினைக்காமலே நம்மை மூச்சு விடச் செய்யும் ஒரு மையம் இருக்கிறது. இரத்தத்தில் கரியமிலவாயு கூடும்போது அது விழித்துக்கொண்டு நெஞ்சை இயக்கும். அபின் வகைப் பொருட்கள் அந்த மையத்தின் நரம்பணுக்களில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு அதைத் தூங்க வைக்கின்றன. வாயு எவ்வளவு கூடினாலும் நெஞ்சு அசையாது. நலொக்சோன் அதே ஏற்பிகளில் இன்னும் இறுக்கமாக ஒட்டி, போதைப்பொருளைத் தள்ளிவிடுகிறது.

இந்த மருந்துக்கு 1961இல் காப்புரிமை கோரி விண்ணப்பிக்கப்பட்டது. 1971இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1983 முதல் இருக்கிறது. சத்திரசிகிச்சைக் கூடங்களில் மோர்பின், பென்டனில் கொடுக்கும் மயக்க மருந்து நிபுணர்களுக்குப் பழகிய மருந்துதான். இதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் ஃபிஷ்மனின் மனைவியின் மகன் 2003இல் ஹெரோயின் அளவு மீறி இறந்துபோனார். மருந்து உலகில் எங்கோ இருப்பது போதாது. மூச்சு நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஊவாவில் மூச்சு நிற்கும் இடம் எது? மடுல்சீமையில், பூனாகலையில், கொஸ்லந்தையில் ஒரு லயன் அறை. அங்கிருந்து வாகனம் வரும் பாதை வரை ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பிறகு தோட்ட லொறியோ ஆட்டோவோ கிடைக்க வேண்டும். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் பெரிய ஆறுதல்தான். ஆனால் ஒட்சிசன் இல்லாமல் மூளை சில நிமிடங்களே தாங்கும். அந்த நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர் நண்பன், அம்மா, அல்லது தோட்ட மருந்தகத்தின் உதவியாளர். 2014இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது: அபின் வகைப் பொருளால் ஒருவர் மயங்குவதைப் பார்க்க நேரக்கூடிய எவருக்கும் நலொக்சோனும் அதைப் பாவிக்கும் பயிற்சியும் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றை மறக்கக் கூடாது. நலொக்சோனின் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எடுத்த பொருள் அதற்கு மேலும் உடம்பில் இருந்தால், விழித்தவர் மறுபடி மயங்குவார். ஆகவே "எழும்பிட்டான், வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று உடனே அனுப்புவது ஆபத்து. சில மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

அந்தச் சில மணி நேரத்தில் என்ன செய்யலாம்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் கெயில் டி'ஒனோஃப்ரியோவும் அவருடைய குழுவும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு விடை தந்தது. அவசரப் பிரிவுக்கு வந்த, அபின் வகைப் பொருளுக்கு அடிமையான 329 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சிகிச்சை நிலையங்களின் விபரம் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது குழுவோடு உட்கார்ந்து ஆலோசனை பேசி, சிகிச்சை நிலையத்தோடு இணைத்துவிட்டார்கள். மூன்றாவது குழுவுக்கு ஆலோசனையோடு, பியூப்ரெனோர்ஃபின் என்ற மருந்தை அவசரப் பிரிவிலேயே தொடங்கி, தொடர்சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஒரு மாதம் கழித்துச் சிகிச்சையில் தொடர்ந்தவர்கள் முதல் குழுவில் 37 சதவீதம், இரண்டாவதில் 45, மூன்றாவதில் 78.

பியூப்ரெனோர்ஃபினும் அபின் வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் ஏற்பியைப் பாதி அளவுக்கே தூண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் அதன் வேகம் கூடாது. மூச்சை அடக்கும் ஆபத்தும் மிகக் குறைவு. நாக்கின் கீழ் வைத்துக் கரையவிடும் மாத்திரை இது. போதைப்பொருள் நின்றதால் வரும் உடல் முறிப்பு தொடங்கிய பிறகே கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் முறிப்பு திடீரென்று உச்சத்துக்குப் போகும். இதைக் கணிக்க எளிய மதிப்பெண் அட்டை இருக்கிறது. நாடித்துடிப்பு, வியர்வை, கொட்டாவி, கண்மணியின் அளவு ஆகியவற்றைப் பார்த்துத் தாதியே மதிப்பிடலாம். ஹெரோயின் நின்று எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் முறிப்பு தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். அந்த வேதனைக்குப் பயந்துதான் பலர் விட நினைத்தும் விட முடியாமல் இருக்கிறார்கள்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்ஸ் 1995 முதல் சாதாரணக் குடும்ப வைத்தியர்களே இம்மருந்தை எழுத அனுமதித்தது. 1999ஆம் ஆண்டளவில் அங்கே போதை அளவு மீறிய மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன. பியூப்ரெனோர்ஃபினையும் மெதடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் அபின் வகைப் பொருட்களைப் பாவிப்போர் 2.26 கோடிப் பேர் என்று 2019இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. அங்கே பஞ்சாப் மாநிலம் 2017 முதல் அரசு வெளிநோயாளர் நிலையங்களில் இந்த மாத்திரையைக் கொடுத்துவருகிறது. இலங்கையின் மாவட்ட வைத்தியசாலைகளிலோ இது இன்னும் வழக்கமான சிகிச்சையாக வேரூன்றவில்லை.

முள்வேலிக்குள் குணமாகுமா?

நம் நாடு அதிகம் நம்பியது கைதையும் கட்டாயப் புனர்வாழ்வையும். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானவரை நீதவானின் உத்தரவின் பேரில் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்தது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தகாடு முகாம் அதன் அடையாளமானது. 2022 ஜூன் இறுதியில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் வெடித்து, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். 2023 டிசம்பர் 17இல் பொலிஸார் தொடங்கிய 'யுக்திய' போதை ஒழிப்பு நடவடிக்கையில் ஒரு மாதத்துக்குள் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் கைதானார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி கேட்டுக்கொண்டார்கள்.

அடைத்து வைப்பதில் ஒரு மருத்துவ ஆபத்தும் இருக்கிறது. சில மாதங்கள் போதைப்பொருள் எடுக்காமல் இருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்து பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறி இறக்கும் ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு என்று காட்டியது. முகாமிலிருந்தோ சிறையிலிருந்தோ ஊர் திரும்பும் பிள்ளையை வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் இந்த உண்மையை அறிந்திருக்க வேண்டும்.

விருப்பத்தோடு சிகிச்சை தேடுபவருக்கும் ஊவாவிலிருந்து வழி நீளம். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நீண்டகாலமாக நடத்திவரும் விடுதிச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, உனவட்டுன ஆகிய இடங்களில் உள்ளவை. கொழுந்து பறித்து நாட்சம்பளம் வாங்கும் தாய் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதென்றால் பேரும் போகும், கடனும் ஏறும்.

நஞ்சு குடித்தவரை நாம் எப்படிக் காப்பாற்றினோம்

இதைவிடப் பெரிய துயரத்தை இந்த நாடு வென்றிருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. கிருமிநாசினி குடித்தவர்களால் ஊவாவின் வைத்தியசாலைகளும் நிறைந்திருந்தன. 2015இல் அந்த வீதம் 14 ஆனது. இருபது ஆண்டுகளில் சுமார் 93 ஆயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

முக்கிய காரணம், கொடிய கிருமிநாசினிகளை 1984இலிருந்து படிப்படியாகத் தடைசெய்தது. வைத்தியசாலைகளும் மாறின. 1988இல் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ தொடங்கிய தேசிய நஞ்சு தகவல் நிலையம், எந்த மூலையில் இருக்கும் வைத்தியரும் அழைத்து ஆலோசனை கேட்க வழி செய்தது. 1998இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, தற்கொலை முயற்சி குற்றம் என்ற நிலை நீங்கியது. அதற்கு முன் நஞ்சு குடித்துப் பிழைத்தவர் குற்றவாளியாகவும் நிற்க வேண்டியிருந்தது. பிறகு அவர் நோயாளி மட்டுமே.

சாராயத்திலும் இப்படித்தான். கால் முறிந்து வந்த குடிகாரர் மூன்றாம் நாள் கை நடுங்கிப் பிதற்றத் தொடங்கினால், அது குடி நின்றதால் வரும் நோய் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். தயமினும் டயசிபாமும் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். ஹெரோயின் நின்று துடிப்பவரை மட்டும் நடிக்கிறார் என்று ஒதுக்க எந்த மருத்துவ நியாயமும் இல்லை.

ஊவாவுக்கு என்ன வேண்டும்

முதலாவது, பதுளை போதனா வைத்தியசாலையிலும் தியத்தலாவை, வெலிமடை, மகியங்கனை ஆதார வைத்தியசாலைகளிலும், அவசரப் பிரிவில் எந்நேரமும் நலொக்சோன். 1990 அம்புலன்ஸிலும் பிரதேச வைத்தியசாலைகளிலும் தோட்ட மருந்தகங்களிலும் அதுவே. பாவிக்கப் பயிற்சியும் சேர்த்து.

இரண்டாவது, பியூப்ரெனோர்ஃபினும் மெதடோனும் மாகாணத்துக்குள் கிடைக்க வேண்டும். பதுளையில் உளநல மருத்துவ நிபுணரின் கண்காணிப்பில் தொடங்கி, தொடர்மருந்தைப் பசறையிலும் பண்டாரவளையிலும் வாரம் ஒருமுறை வாங்க முடிந்தால், ஒருவர் வேலையை விடாமல் சிகிச்சையில் நிற்பார்.

மூன்றாவது, மொழி. ஹாலிஎல, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை ஆகியவை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். எப்போது கடைசியாக எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், விட நினைக்கிறாயா என்ற கேள்விகள் நோயாளியின் மொழியில் கேட்கப்பட வேண்டும். தமிழ் பேசும் தாதியரும் ஆலோசகர்களும் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சை பாதியில் நின்றுவிடும்.

நான்காவது, இரகசியம். லயத்தில் எதுவும் மறைவதில்லை. மருந்தகத்துக்குப் போனவர் பெயர் மாலைக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே போதைக்காக மட்டும் தனி நாள், தனிக் கதவு வேண்டாம். மற்றக் கிளினிக்குகளோடு சேர்ந்தே நடக்கட்டும்.

ஐந்தாவது, பயமின்மை. நண்பன் மயங்கும்போது மற்றவர்கள் ஓடிவிடுவது பொலிஸுக்குப் பயந்துதான். உயிர் காக்க அழைத்து வந்தவரையும், உயிருக்காகப் போராடுபவரையும் கைது செய்யமாட்டோம் என்ற உறுதியைச் சட்டம் தர வேண்டும். விற்பவரைப் பிடியுங்கள்; மயங்கிக் கிடப்பவரை வைத்தியரிடம் விடுங்கள். 1998இல் நஞ்சு குடித்தவருக்குச் செய்த நீதியை இவருக்கும் செய்தால் போதும்.

மயங்கிக் கிடப்பவருக்கு உடனே செய்ய வேண்டியவை

• 1990க்கு அழையுங்கள். மூச்சு விடவில்லை என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

• மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் வாந்தி, வெற்றிலை, மாவா இருந்தால் துடைத்தெடுங்கள்.

• மூச்சு நின்றிருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை வாய்வழியே காற்று ஊதுங்கள். உடம்பில் உயிர்க்குறி எதுவும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

• எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணி, உப்புத்தண்ணி எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். மயங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் பயன் தராது.

• என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டை கிடந்தால் கையோடு கொண்டுபோங்கள். ஐஸுக்கு நலொக்சோன் வேலை செய்யாது; வைத்தியருக்கு உண்மை தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

• விழித்த பிறகும் தனியே விட வேண்டாம்.

ஊவா மாகாண சுகாதாரத் துறைக்கும், மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்களுக்கும், தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளத்துக்காகவும் காணிக்காகவும் குரல் கொடுப்பது போலவே, பதுளையில் இந்தச் சிகிச்சை தொடங்கவும் குரல் கொடுங்கள். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. மருந்து, பயிற்சி, தமிழ் தெரிந்த சில உத்தியோகத்தர்கள், ஒரு கிளினிக் நாள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு சொல். இது உங்கள் வளர்ப்பின் குற்றமல்ல, மருந்துள்ள நோய். போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்கு 1927, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்களை அழைக்கலாம். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு ஆபத்தான நாள். இன்றே பேசுங்கள்.